மேய விடலாம், பட்டினி போடலாகாது: இறைச்சிக் கோழிக் குஞ்சுகள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. இறைச்சிக்காக வாங்கிய குஞ்சுகளைத் திறந்தவெளியில் வளர்ப்பது எப்படி, அவற்றுக்கு எந்த வயதில் எதை, எவ்வளவு கொடுப்பது என்றே பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கி, ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வேலி போட்ட தோட்டத்தில் இறைச்சிக் கோழிகளை மேய விட்டு வளர்க்க இருக்கிறேன். புல்லும் புழு பூச்சியும் நிறைய உள்ள இடம். மேய்கிற கோழிக்குத் தீவனம் வைத்தால் அது சோம்பிப் போய்விடும் என்கிறார்கள். தீவனத்தை எவ்வளவு குறைக்கலாம்?

பதில்: முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு பிடிகூடக் குறைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. திறந்தவெளி வளர்ப்பில் குஞ்சுகள் தேங்கிப் போவதற்கும் இறந்து போவதற்கும் நோயைவிடப் பெரிய காரணமாக நான் கருதுவது, "அதுவே தேடித் தின்றுகொள்ளும்" என்ற நம்பிக்கையைத்தான்.

கோழி, ஆடு மாடுகளைப் போல நாரைச் செரித்து வாழக்கூடிய பிராணியன்று. அதன் குடல் நீளம் குறைந்தது. தின்றது சில மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எஞ்சியதிலும் கணிசமான பகுதி கோழியால் பயன்படுத்த முடியாத நார். புழு பூச்சிகளில் நல்ல புரதம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நூறு குஞ்சுகள் ஓரிடத்தில் இறங்கினால், அங்கே கண்ணுக்குத் தெரிகிற பூச்சியெல்லாம் சில நாட்களில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் அவை நாள் முழுவதும் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வயிறு நிறைகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வேகமாக வளரும் இனத்துக் குஞ்சு ஒரே வாரத்தில் தன் பிறந்த எடையைப் போல நான்கு மடங்கு ஆகிவிடும். மெதுவாக வளரும் இனங்களும் அந்த வாரத்தில் தம் எடையைப் பெருக்கிக்கொள்ளவே செய்யும். அந்த வளர்ச்சிக்குத் தேவையான புரதமும் தாதுக்களும் மண்ணைக் கிளறிக் கிடைப்பவை அல்ல. நன்கு வளர்ந்த இறைச்சிக் கோழிக்குக்கூட மேய்ச்சலில் கிடைப்பது அதன் தேவையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கிட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பானது.

அப்படியானால் மேய விடுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் மிகுதியாகவே உண்டு. நடமாடுவதால் கால்கள் உறுதிப்படுகின்றன. நெருக்கடி குறைவதால் ஒன்றையொன்று கொத்திக்கொள்வது குறைகிறது. பச்சை இலைகளில் உள்ள நிறமிச் சத்தால் தோலும் கொழுப்பும் மஞ்சள் பூக்கின்றன. கிளறுவதும் மண்ணில் புரள்வதும் வெயில் காய்வதும் கோழியின் பிறவிக் குணங்களாதலால், அவற்றுக்கு இடம் கிடைத்த பறவை பதற்றமின்றி இருக்கிறது. தட்டு நிறையத் தீவனம் இருக்கும்போதும் ஆரோக்கியமான கோழி கிளறாமல் இராது. ஆகவே சோம்பிவிடும் என்று அஞ்ச வேண்டாம். மெதுவாக வளரும் இனங்களில் ஆறு வாரம் கடந்த பிறகு, காலையில் கொஞ்சமாகவும் மாலையில் வயிறாரவும் வைத்து, நடுப்பகலை மேய்ச்சலுக்கு விடலாம். அப்போதும் வாரம் ஒரு முறை சில கோழிகளைப் பிடித்து எடை பார்த்து, எடை ஏறுவது நின்றிருந்தால் தீவனத்தைக் கூட்டிவிட வேண்டும்.

கேள்வி: ஒரு நாள் குஞ்சுகளாக வாங்கி வந்தோம். மின்விளக்கு, தீவனம், தண்ணீர் எல்லாம் வைத்திருந்தும் மூன்றாம் நாளுக்குள் பல இறந்துவிட்டன. இரவில் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இது என்ன நோய்?

பதில்: ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நோயைக் காட்டிலும் குளிரின் மீதே எனக்குச் சந்தேகம் வருகிறது. புதிதாகப் பொரித்த குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அந்தத் திறன் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும், இறகு முழுமையாக மூடுவதற்கு நான்கைந்து வாரம் ஆகும். முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வந்து, ஐந்தாம் வாரத்தில் 21 டிகிரி அளவில் நிறுத்திவிடலாம். பகல் வெப்பம் மிகுந்த இடங்களில் பகலில் விளக்கே தேவைப்படாமல் போகலாம். ஆனால் விடியற்காலைக் குளிர் எந்த இடத்திலும் குஞ்சை வாட்டும்.

வெப்பமானியைவிட நம்பத் தகுந்த அளவுகோல் குஞ்சுகளே. விளக்கடியில் நெருக்கியடித்துக்கொண்டு கீச்சிட்டால் குளிர்கிறது. விளக்கை விட்டு ஓரமாக ஒதுங்கி, சிறகை விரித்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கிக் கிடந்தால் எங்கிருந்தோ காற்று வீசுகிறது. வட்டம் முழுவதும் பரவி, சில தின்ன, சில குடிக்க, சில கால் நீட்டி உறங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை நள்ளிரவிலும் ஒரு முறை செய்யுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது தரையின் குளிர். விளக்கின் வெப்பம் காற்றில் இருந்தாலும், கூளத்துக்கு அடியிலுள்ள தரை சில்லிட்டிருந்தால் குஞ்சின் வயிறும் காலும் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். குஞ்சின் பாதங்களை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தரை குளிர்ந்திருக்கிறது. உமியோ மரச்சீவலோ ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, குஞ்சுகள் வருவதற்கு ஒரு நாள் முன்பே விளக்கைப் போட்டு இடத்தைச் சூடேற்றி வைப்பதே இதற்கு வழி. வழுவழுப்பான செய்தித்தாளின் மீது மட்டும் குஞ்சுகளை விடுவது தவறு. கால் வழுக்கி இரு பக்கமும் விரிந்துபோன குஞ்சு பிறகு எழுந்து நடப்பது கடினம். தடுப்பு வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் அங்கே குவிந்து அடியில் சிக்கியவை மூச்சுத் திணறி இறக்கும். விளக்கை அதன் மின்கம்பியில் தொங்க விடாமல் சங்கிலியால் கட்டுங்கள். கழன்று விழுந்தால் காய்ந்த உமி உடனே தீப்பற்றும்.

இரண்டாவது சந்தேகம், அவை தின்றனவா என்பது. பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் எஞ்சியிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாட்களுக்கு அதைத் தாங்கும். அதனால் முதல் நாள் தின்னாத குஞ்சும் நன்றாக இருப்பது போலவே தோன்றி, மூன்றாம் நாளில் சரியும். நீங்கள் இழந்ததும் மூன்றாம் நாளுக்குள்தான். குஞ்சுகள் வந்தவுடன் ஒவ்வொன்றின் அலகையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முறை தொட்டு விடுங்கள். தண்ணீர் குடித்த பிறகு தீவனத்தைத் தட்டிலும் தரையில் விரித்த சொரசொரப்பான காகிதத்திலும் தூவுங்கள். அன்றிரவு இருபது குஞ்சுகளையாவது எடுத்துக் கழுத்தடியில் உள்ள தீனிப்பையை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். பிசைந்த மாவைப் போல மெத்தென்று உருண்டிருந்தால் தின்றும் குடித்தும் இருக்கிறது. கெட்டியாக நெருநெருவென்று இருந்தால் தண்ணீரைக் காணவில்லை. தளதளவென்று நீர் மட்டும் இருந்தால் தீவனத்தைக் காணவில்லை. தட்டையாக இருந்தால் இரண்டையுமே காணவில்லை. மறுநாள் இதே நேரத்தில் ஏறத்தாழ எல்லாக் குஞ்சுகளுக்கும் பை நிறைந்திருக்க வேண்டும்.

பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொண்ட குஞ்சுகள் இருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மென்மையாகத் துடைத்து உலர்த்தி விடுங்கள்; பிய்த்து எடுக்காதீர்கள். பயண அலைச்சலும் வெப்ப ஏற்றத்தாழ்வும் இதற்குக் காரணமாகலாம்.

கேள்வி: செலவைக் கருதி, கடையில் வாங்கும் குஞ்சுத் தீவனத்துடன் உடைத்த மக்காச்சோளத்தைச் சரிபாதி கலந்து இரண்டாம் வாரத்திலிருந்து கொடுத்து வருகிறேன். குஞ்சுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கின்றன. சிறகு சரியாக முளைக்கவில்லை. ஒன்றன் வாலை ஒன்று கொத்துகின்றன. வைட்டமின் மருந்து கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. குஞ்சுத் தீவனத்தில் 22 சதவீதம் புரதம் இருக்கிறது என்று கொள்வோம். மக்காச்சோளத்தில் இருப்பது 9 சதவீதம் மட்டுமே. இரண்டையும் சரிபாதி கலந்தால் கிடைப்பது 15.5 சதவீதம். இது பத்து வாரம் கடந்த, மெதுவாக வளரும் கோழிக்கு ஏறத்தாழப் பொருந்துமே தவிர, இரண்டு வாரக் குஞ்சுக்குப் போதவே போதாது. அதோடு அந்தத் தீவனத்தில் அளந்து சேர்த்திருந்த வைட்டமின்களும் தாதுக்களும் பாதியாகிவிட்டன. இறகு என்பதே பெரும்பாலும் புரதம். அதிலும் கந்தகம் அடங்கிய அமினோ அமிலங்கள் மிகுதியாகத் தேவைப்படும் பகுதி. மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் தானியத்தில் குறைவு. அது கிடைக்காத குஞ்சு இறகு முளைக்காமல் நிற்கிறது, அடுத்ததன் இறகைக் கொத்தித் தின்னவும் தொடங்குகிறது. மருந்து வாங்கும் பணத்துக்குத் தீவனம் வாங்குங்கள்; கலப்பதை இன்றே நிறுத்துங்கள். காயப்பட்ட குஞ்சுகளைத் தனியே பிரித்துவிடுங்கள், ரத்தத்தைக் கண்டால் மற்றவை விடாது கொத்தும்.

பொதுவான கணக்கு இது: முதல் நான்கு வாரம் வரை 20 முதல் 22 சதவீதப் புரதம், அதிலிருந்து எட்டு வாரம் வரை 18 முதல் 20, அதற்குப் பிறகு 16 முதல் 18. வேகமாக வளரும் இனத்துக்கு இந்த எல்லைகளில் மேற்பக்கத்தையும், மெதுவாக வளரும் இனத்துக்குக் கீழ்ப்பக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். தானியம் கலந்து செலவைக் குறைக்க விரும்பினால், அதற்குரிய காலம் கடைசிக் கட்டம்தான். அந்த வயதில் கோழி தின்னும் அளவும் மிகுதி என்பதால் உண்மையான மிச்சமும் அங்கேதான் கிடைக்கும். முதல் மாதத்தில் ஒரு குஞ்சு தின்னும் மொத்தத் தீவனம், அது வாழ்நாள் முழுவதும் தின்னப்போவதில் சிறு பங்குதான். அங்கே கை இறுக்குவதால் மிஞ்சுவது சொற்பம், இழப்பது உடற்கட்டின் அடித்தளம்.

சொந்தமாகவே தீவனம் அரைக்கலாமா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். 9 சதவீதப் புரதமுள்ள மக்காச்சோளம் 69 கிலோவும், 45 சதவீதப் புரதமுள்ள சோயாப் புண்ணாக்கு 31 கிலோவும் சேர்த்தால் 100 கிலோவில் 20 கிலோ புரதம் வந்துவிடும். காகிதத்தில் கணக்குச் சரி. ஆனால் இந்தக் கலவையில் எலும்புக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரஸும் இல்லை, உப்பு இல்லை, வைட்டமின்கள் போதவில்லை, மெத்தியோனினும் குறைவு. இதை மட்டும் தின்ற குஞ்சுக்குச் சில வாரங்களிலேயே கால் வளையும். குஞ்சுத் தீவனத்தில் கால்சியம் ஏறத்தாழ 1 சதவீதமும், குடலில் சேரக்கூடிய பாஸ்பரஸ் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், உப்பு 0.3 சதவீத அளவிலும் இருக்க வேண்டும். ஆகவே கோழிக் குஞ்சுகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட தாது–வைட்டமின் கலவையை, அதன் பையில் குறித்துள்ள அளவில் சேர்க்காமல் சொந்தத் தீவனத்தில் இறங்க வேண்டாம். வறுக்காத பச்சைச் சோயாவை அரைத்துச் சேர்ப்பதும் கூடாது. அதிலுள்ள ஒரு பொருள் புரதம் செரிப்பதையே தடுக்கிறது, வெப்பம் பட்டால்தான் அது அழியும். பூஞ்சை பிடித்த தானியத்தையும் புண்ணாக்கையும் "கோழிக்குத்தானே" என்று போடுவதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஈரலைத் தாக்கி, நோயெதிர்ப்புச் சக்தியையும் குலைத்துவிடும். குஞ்சுகளுக்கு அதன் சிறு அளவே தீங்கானது.

கேள்வி: முட்டைக் கோழிகளுக்கு வாங்கிய தீவனம் மீதம் இருக்கிறது. அதையே குஞ்சுகளுக்கும் போடலாமா?

பதில்: வேண்டாம். முட்டை ஓட்டுக்காக அந்தத் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்குத் தேவையானதைப் போல இது மூன்று நான்கு மடங்கு. தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். இரு வயதினரும் ஒரே இடத்தில் மேய்ந்தால் குஞ்சுத் தீவனத்தையே பொதுவாக வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழிகள் தமக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனாலும் வயது கலந்து வளர்ப்பதை நான் விரும்புவதில்லை. பெரியவை தம்மிடம் உள்ள நோய்க்கிருமியைக் குஞ்சுகளுக்கு எளிதில் கொடுத்துவிடும்.

கேள்வி: குஞ்சுகளை எந்த வயதில் வெளியே விடலாம்? ஐந்தாம் வாரத்தில் கதவைத் திறந்துவிட்டோம். ஆனால் வாசலருகிலேயே நிற்கின்றன, புல்வெளிக்குள் போக மறுக்கின்றன.

பதில்: முதுகிலும் மார்பிலும் இறகு மூடியிருக்க வேண்டும் என்பதே அளவுகோல். பெரும்பாலும் நான்கு முதல் ஐந்து வாரத்தில் அது நிறைவேறும். வெயிலும் வறட்சியும் உள்ள பருவத்தில் மூன்று வாரக் குஞ்சுகளைப் பகலில் சற்று நேரம் விடலாம். மழையும் பனி படிந்த புல்லும் தூவி நிலைக் குஞ்சுக்கு எமன். தூவி நனைந்தால் உடல் சூடு சட்டென்று இறங்கிவிடும்.

வாசலை விட்டு நகராததற்கு உங்கள் குஞ்சுகளைக் குறை சொல்ல முடியாது. கோழியின் மூதாதை, புதரும் மரநிழலும் சூழ வாழ்ந்த காட்டுக்கோழி. மறைவில்லாத வெட்டவெளி அதன் கண்ணுக்குப் பருந்து பாயும் இடம். மேய்ச்சல் நிலத்தில் மரங்களோ புதர்களோ உயரமான பயிர் வரிசையோ இருந்தால் கோழிகள் வெகுதூரம் போய் மேயும். இல்லையென்றால் கொட்டகையின் நிழல் முடிகிற இடத்தோடு நின்றுவிடும். நிலையான மரம் வளரும் வரை, முழங்கால் உயரத்தில் ஓலையோ கோணியோ வேய்ந்த சிறு பந்தல்களை வாசலிலிருந்து சற்றுச் சற்றுத் தள்ளி வரிசையாக அமைத்துப் பாருங்கள். குஞ்சுகள் ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு ஓடிப் பழகி, இடையிலுள்ள புல்லையும் கொத்தத் தொடங்கும். வாசல் அகலமாகவும் தரை மட்டத்திலும் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி ஒன்றை வெளியே நிழலிலும் வையுங்கள்.

புதிய கொட்டகைக்கு மாற்றினால் முதல் இரண்டு நாள் உள்ளேயே அடைத்து வைத்து, மூன்றாம் நாள் மாலைத் தீவனத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாகத் திறந்துவிடுங்கள். பசியும் மங்கும் வெளிச்சமும் சேர்ந்து அவற்றை உள்ளே அழைத்துவிடும். கோழி அடையும் நேரத்தில் வெளியே தங்கிவிட்டவற்றைப் பொறுமையாகப் பிடித்து உள்ளே விடுங்கள், சில நாளில் பழகிவிடும். புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தால் முதலில் வெட்டி விடுங்கள். முற்றிய நீளப் புல்லைக் கொத்தி விழுங்கும் குஞ்சுகளுக்குத் தீனிப்பை அடைத்துக்கொள்வதுண்டு.

கேள்வி: ஒரு மாதக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் மூடி நிற்கின்றன. எச்சத்தில் ரத்தம் தெரிகிறது. சில இறந்துவிட்டன. என்ன செய்வது?

பதில்: இது ரத்தக்கழிச்சலாக இருக்க வாய்ப்பு மிகுதி. தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் புதிய எச்சத்தையும், முடிந்தால் அன்று இறந்த குஞ்சையும் கொண்டு போய்க் காட்டுங்கள். எய்மீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வரும் நோய் இது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளையே பெரும்பாலும் தாக்கும். பொதுவாக ஆம்புரோலியம் என்ற மருந்தைக் குடிநீரில் கலந்து தருவார்கள். இந்த மருந்து அந்த ஒட்டுண்ணிக்குத் தயமின் என்னும் பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்தே வேலை செய்கிறது. ஆகவே சிகிச்சை நடக்கும்போது "தெம்புக்கு" என்று பி வைட்டமின் கலவையைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்தின் பலன் குறைந்துவிடும். நோயுற்ற குஞ்சு தின்பதை நிறுத்தினாலும் தண்ணீர் குடிக்கும் என்பதால்தான் மருந்தை நீரில் கலக்கிறோம். வேறு தண்ணீர் எங்கும் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து இந்த முறை காப்பாற்றும். அடுத்த தொகுதியைக் காப்பாற்றப்போவது உலர்ந்த தரை. எச்சத்தோடு வெளியேறும் ஒட்டுண்ணி முட்டைகள் உடனே நோய் தருபவை அல்ல. ஈரமும் கதகதப்பும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அவை நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. அவற்றைக் கொத்தி விழுங்கிய குஞ்சின் குடலில் ஒரு வாரத்துக்குள் பல மடங்காகப் பெருகி மறுபடியும் வெளியேறுகின்றன. சாதாரணக் கிருமிநாசினிகள் பல இவற்றிடம் பலிப்பதில்லை. ஈரம் மட்டும் இல்லையென்றால் இந்தச் சுழற்சி தளர்ந்துவிடும். தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள கூளத்தில் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம் மிகுதி, அந்தக் கூளத்தை அன்றே மாற்ற வேண்டும்; மெல்லப் பிளந்து உதிர்ந்தால் சரியான பதம்; புழுதியாகப் பறந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. தண்ணீர்த் தட்டைக் கம்பிவலை அடித்த மேடையின் மீது ஏற்றி, அதன் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு இருக்கும்படி வாரந்தோறும் உயர்த்திக்கொண்டு வந்தால் சிந்துவது பெருமளவு நின்றுவிடும். தீவனத் தொட்டிக்கும் இதே உயரம்தான். குஞ்சு கால் வைத்து ஏறும் தொட்டியில் தீவனத்தோடு எச்சமும் சேர்ந்தே போகும்.

குஞ்சுகள் இந்த ஒட்டுண்ணியைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டால் எதிர்ப்புச் சக்தி பெறும் என்பதையும் சொல்ல வேண்டும். இதற்குத் தடுப்பூசியும் உண்டு. தடுப்பூசி போட்ட குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்த தீவனத்தைக் கொடுக்காதீர்கள், ஊசியின் பலன் வீணாகும். எல்லாப் பழுப்பு எச்சத்தையும் கண்டு அஞ்சவும் வேண்டாம்: பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்தோடும் கோழி நாளுக்குச் சில முறை இடும் எச்சம், குடலோடு சேர்ந்த, ஒரு முனை மூடிய குருட்டுப்பைகளிலிருந்து வருவது, இயல்பானது. வெள்ளைக்கழிச்சல், அம்மை, மேரக்ஸ் போன்ற நோய்களுக்கான தடுப்பூசி அட்டவணையை உங்கள் பகுதி மருத்துவரிடம் கேட்டுக் குஞ்சு வந்த வாரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேரக்ஸ் ஊசி குஞ்சு பொரித்த நாளிலேயே போடப்படுவது. வாங்கும்போதே போட்டாயிற்றா என்று கேட்க வேண்டும்.

கேள்வி: அசோலா என்னும் நீர்த்தாவரம், கரையான், ஈப்புழு ஆகியவற்றைக் கொண்டே குஞ்சுகளை வளர்த்துவிட முடியும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: துணைத் தீனியாக மூன்றும் நல்லவை; முழுத் தீனியாக எதுவும் போதாது. அசோலாவின் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் என்பது சரிதான், ஆனால் நீரிலிருந்து அள்ளிய அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் உலர் பொருள் 60, 70 கிராம்; அதில் புரதம் ஏறத்தாழ 15 கிராம். அந்தப் புரதத்துக்காக ஒரு குஞ்சு ஒரு கிலோவைத் தின்ன முடியாது. நான்கு வாரம் கழிந்த கோழிக்கு, தீவனம் தின்ற பிறகு, ஆசைக்குக் கொத்துகிற அளவில் போடுங்கள்.

கரையானும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுவும் புரதமும் கொழுப்பும் நிறைந்தவை, குஞ்சுகள் போட்டி போட்டுத் தின்னும். ஆனால் செத்த பிராணிகளின் உடலில் வளர்ந்த புழுக்களைக் கொடுக்கவே கூடாது. அவற்றின் மூலம் பொட்டுலிசம் என்ற நஞ்சு ஏறி, கழுத்துத் துவண்டு கோழிகள் மொத்தமாக இறக்கும். மண்புழு, வண்டு, எறும்பு போன்றவை சில குடற்புழுக்களைச் சுமக்கக்கூடியவை; மேயும் கோழியை இவற்றிலிருந்து முழுவதும் விலக்க முடியாது என்பதால், குடற்புழு நீக்கம் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

தூள் தீவனத்தைத் தவிர வேறு எதைத் தின்னத் தொடங்கினாலும், இரையை அரைக்கும் தசைப்பைக்குச் சிறு கற்கள் வேண்டும். கோழிக்குப் பல் இல்லை. கரடுமுரடான மணல்தான் அதற்கு அரவைக்கல். மேயும் நிலத்தில் தானாகவே கிடைக்கும். உள்ளே அடைத்து வைத்திருக்கும் நாட்களில் கரையாத பொடிக்கல்லை ஒரு கிண்ணத்தில் வையுங்கள்.

கேள்வி: பண்ணைகளில் வளர்க்கும் வேகமான வெள்ளை பிராய்லர் குஞ்சுகளைத் திறந்தவெளியில் வளர்க்கலாமா? நாங்கள் வளர்த்தவை ஆறாம் வாரத்தில் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டன.

பதில்: வளர்க்க முடியும், ஆனால் மேய்ச்சலுக்கு ஏற்ற இனம் அதுவன்று. ஐந்து ஆறு வாரத்தில் இரண்டு கிலோ தாண்டும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கிய பறவை அது. தசை வளரும் வேகத்துக்குக் காலெலும்பும் இதயமும் ஈடு கொடுக்க முடியாமல் திணறும். அதனால்தான் கால் முடங்குகிறது. வயிற்றில் நீர் கோப்பதும், நன்றாக இருந்தது திடீரென்று இறப்பதும் அதனால்தான். ஒரு கிலோ எடைக்கு அது தின்பது 1.6 முதல் 1.8 கிலோ தீவனம். மெதுவாக வளரும் இனங்கள் மேய்ச்சலில் 2.5 முதல் 3.5 கிலோ வரை தின்னும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் வேகமான இனத்தையே தேர்கிறார்கள். நடக்க முடியாமல் எச்சத்தின் மீதே கிடக்கும் பறவையைத் திறந்தவெளிக் கோழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வாரத்தில் எடைக்கு வரும் இனத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பரிந்துரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் திறந்தவெளிக் கோழி என்று முத்திரையிட்டு விற்க, கோழிக்கு 56 நாள் வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்றும், ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு சதுர மீட்டர் இடமாவது இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது, அதுவே குறைந்தபட்சம்தான்.

இப்போது கையில் இருப்பவற்றுக்கு: முதல் நான்கு வாரம் தீவனத்தைக் குறைக்கக் கூடாது என்று முன்பு சொன்னதற்கு இந்த வேகமான இனம் மட்டும் விதிவிலக்கு; இரண்டாம் வாரத்திலிருந்து இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தீவனத்தை எடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் விட்டு வையுங்கள். எலும்பு உறுதிப்படச் சற்று அவகாசம் கிடைக்கும். தீவனத்தையும் தண்ணீரையும் தள்ளித் தள்ளி வைத்தால் நடக்கத் தூண்டும். வெயில் கடுமையான நாட்களில் நடுப்பகலில் தின்ன விடாமல், விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் தீவனம் வையுங்கள். கோழிக்கு வியர்க்காது, வாய் திறந்து மூச்சு வாங்கியே சூட்டைத் தணிக்கும், செரிமானமோ உடலுக்குள் சூட்டைக் கூட்டும். சாதாரண நாளில் தின்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கும் கோழி, வெயில் நாளில் அதற்கும் மேலே குடிக்கும். வெயிலில் சூடேறிய தண்ணீரை அது தொடாது.

கேள்வி: பருந்தும் எலியும் குஞ்சுகளைக் கொண்டு போகின்றன. கோழி வலை அடித்தும் பயனில்லை.

பதில்: அறுகோணக் கண் கொண்ட கோழி வலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, எதிரியை வெளியே நிறுத்தாது. எலியும் கீரியும் பாம்பும் அந்தக் கண்ணுக்குள் நுழையும், நாய் கடித்தே கிழிக்கும். இரவுக் கொட்டகையைச் சுற்றி 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையை அடித்து, அடிப்பகுதியை ஒரு முழம் வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் புதையுங்கள். தோண்டி வரும் பிராணி அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிடும். சிந்திய தீவனத்தை இரவில் விட்டு வைக்காதீர்கள், எலியை அழைப்பதே அதுதான். பருந்திடமிருந்து காக்க, முன்பு சொன்ன நிழற்பந்தல்களே நல்ல காவல்.

கேள்வி: எடைக்கு வந்த கோழிகளை அறுப்பதற்கு முன் தீவனத்தில் என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

பதில்: முதலில் மருந்துக் கணக்கைப் பாருங்கள். நோய்க்கான மருந்தோ, மருந்து கலந்த தீவனமோ கொடுத்திருந்தால், அந்தப் பொட்டலத்தில் குறித்துள்ள விலக்கு நாட்கள் முழுமையாகக் கழிந்த பிறகே அறுக்க வேண்டும். உண்பவரின் உடல்நலம் சார்ந்த செய்தி என்பதால் இதில் ஒரு நாளும் விட்டுக் கொடுக்கக் கூடாது. அதற்காகவே எந்த மருந்தை எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்கிறேன். கருவாட்டுத் தூள், மீன் தூள் கலந்த தீவனமாக இருந்தால் கடைசி இரண்டு வாரத்துக்கு அது இல்லாத தீவனத்துக்கு மாறிவிடுங்கள், இறைச்சியில் அந்த வாடை ஏறாது. அறுப்பதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் முன்பு தீவனத்தை எடுத்துவிட்டால் தீனிப்பையும் குடலும் காலியாகி, சுத்தம் செய்யும்போது இறைச்சி அசுத்தப்படாது. அதற்கு மேல் பட்டினி போட்டால் எடை குறையும், குடல் மெலிந்து எளிதில் கிழியவும் செய்யும். கோழிகளைப் பிடிக்கும் நேரம் வரை தண்ணீரை வைத்திருங்கள். இரவிலோ விடியும் முன்போ, மங்கிய வெளிச்சத்தில், கோழிகள் அடைந்திருக்கும்போதே பிடித்தால் அவை மிரண்டு ஓடிச் சிறகும் தொடையும் கன்றிப் போகாமல் இருக்கும்.